சிவப்பு நரம்பு, பச்சை நரம்பு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பென்னலூர் தாங்காது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆள் ஏற்றி ஒரகடம் கம்பெனிகளில் இறக்கிவிடும் ஷேர் ஆட்டோக்களுக்கு அன்று கம்பெனி கிடையாது. எல்லாம் பென்னலூர்தான். "மூளை டாக்டர், மூளை டாக்டர், இன்னும் ரெண்டு சீட்டு" என்று டிரைவர்கள் கூவுவார்கள். டாக்டர் என்பது டிரைவர்கள் கொடுத்த பட்டம். பலகையில் அது இருக்காது. எழுதினால் போலீஸ் வரும் என்று தெரிகிற அளவுக்குப் பரசுராமனுக்கு மூளை இருந்தது.

மூடிப்போன கோழிப்பண்ணை ஒன்றுதான் அவருடைய சந்நிதி. கோழிகள் போன கொட்டகையில் ஆட்கள் வந்து அடைந்தார்கள். பழைய நாற்றம் முழுதாகப் போகவில்லை. அதற்கு மேல் சாம்பிராணி போட்டிருந்தார்கள். வாசலில் பலகை: 'மூளை ஒளி தரிசனம். நரம்புச் செல்வர் பரசுராமன். ஆபத்து அறிய, யோகம் திறக்க.' பக்கத்தில் மூளையின் படம். பஸ்ஸில் போகிறவர்கள் காலிஃபிளவர் மண்டியோ என்று நினைக்க இடமுண்டு.

பெர்மனென்ட் ஆகாத டிரெய்னிகள் வந்தார்கள். ஓ.டி. கிடைக்காதவர்கள் வந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போனவர்கள், கல்யாணம் ஆகி நொந்துபோனவர்கள், கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தின் கேட்டில் தொப்பி போட்டு நிற்கிறவர்கள், மணிமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே வைத்தியம்.

பரசுராமன் காவி கட்டுவதில்லை. வெள்ளை கோட்டுப் போட்டு, அதற்கு மேல் ருத்திராட்சம் போட்டிருப்பார். கீழே விஞ்ஞானம் போதாவிட்டால் மேலே சாமி இருக்கட்டும் என்று.

"மூளைக்குள்ள ரெண்டு நரம்பு" என்று ஆரம்பிப்பார். "ஒண்ணு ஆபத்து நரம்பு. செவப்பு. இன்னொண்ணு யோக நரம்பு. பச்சை. பாம்பைப் பார்த்தா எது துடிக்குது? செவப்பு. பிரியாணி வாசனை வந்தா எது துடிக்குது? பச்சை. இதை வெளிநாட்டுக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சான். நம்ம சித்தர் எப்பவோ சொல்லிட்டார்."

எந்தச் சித்தர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. காதுக்கு உள்பக்கம், மூளையின் ஆழத்தில், வாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஒருமுறை சுட்ட பொருள் மறுபடி எதிரே வந்தால் அங்குள்ள நரம்புச் செல்கள் படபடவென்று துடிக்கும். நாம் யோசித்து முடிப்பதற்குள் வயிறு கலங்கி, உள்ளங்கை வேர்த்துவிடும். மூளையின் நடுவில் வேறு சில செல்கள் உண்டு. அவை எதிர்பாராமல் நல்லது கிடைத்தால் துடிக்கும். பழகிவிட்டால், நல்லது வரப்போகிறது என்ற அறிகுறிக்கே துடிக்கும். சோறு தட்டில் விழும் முன்பே, கேன்டீன் மணிச் சத்தத்துக்கே மனசு துள்ளுவது அதனால்தான். இதையெல்லாம் பரசுராமன் பஜ்ஜி மடித்துவந்த ஞாயிறு மலரில் படித்திருந்தார். பாதிப் பக்கம்தான் கிடைத்தது. மீதியில் எண்ணெய்.

மேடையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு, ஒரு பித்தளைத் தகடு. பெட்டியிலிருந்து ஒரு வயர் வரும். வயரின் முனையில் பட்டுத்துணி சுற்றிய ஒரு வார். வந்தவர் உட்கார்ந்ததும் பரசுராமனின் மனைவி லீலா அவருடைய மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் விபூதியை நன்றாக அரக்கித் தேய்ப்பாள். 'நரம்பைத் திறப்பது' என்று அதற்குப் பெயர். பிறகு வாரைக் கட்டி, விரலைத் தகட்டில் வைக்கச் சொல்வாள்.

சிவப்பு எரியும். கூடவே கீ என்று ஒரு சத்தம். பரசுராமன் கண்ணை மூடி, "அலறுது. ஆபத்து நரம்பு அலறுது" என்பார். வந்தவருக்கு முகம் வெளுக்கும். இரண்டு மூன்று வாரம் வரச் சொல்வார். காணிக்கை, கயிறு, ஹோமம் எல்லாம் ஆகும். கடைசி வாரம் லீலா செப்புச் சொம்பிலிருந்து உப்புக் கரிக்கும் தீர்த்தத்தை மணிக்கட்டில் ஊற்றித் தடவுவாள். 'நரம்பைக் குளிர்விப்பது.' வாரைக் கட்டினால் பச்சை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

எப்போதாவது வேர்வை சுரக்கும் ஆசாமி ஒருவருக்கு முதல் நாளே பச்சை எரிந்துவிடும். பரசுராமன் அசரமாட்டார். "உனக்கு ஒண்ணும் இல்லப்பா. உன் வூட்ல யாருக்கோ கீது. அவங்களைக் கூட்டினு வா" என்பார். ஒரு ஆள் போய் இரண்டாக வரும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜனங்கள் எந்தப் பெட்டியையும் நம்பிவிடுகிறவர்கள் இல்லை. இந்தப் பெட்டியை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. இது அவர்களுக்குத் தெரிந்த பெட்டி.

செல்போன் கம்பெனிகள் வந்திறங்கிய காலம் அது. போர்டு பூட்டும் லைனில் உட்காரும் பெண்கள் எல்லோரும் மணிக்கட்டில் ஒரு வார் கட்டிக்கொள்ள வேண்டும். அதை ஸ்ட்ராப் என்பார்கள். உடம்பில் சேரும் மின்சாரம் போர்டிலுள்ள சில்லுகளைக் கெடுத்துவிடாமல் வயர் வழியாகத் தரைக்குப் போய்விட அது. ஷிப்டுக்குப் போகும் ஒவ்வொருத்தியும் வாசலில் ஒரு சின்னப் பெட்டியில் ஸ்ட்ராப்பைச் சொருகி, தகட்டில் விரல் வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் வெளியே நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மொத்த வரிசையும் திரும்பிப் பார்க்கும்.

ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி, டிரெய்னியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சிவப்பு போதும். விளக்கு எரிந்த மாத்திரத்தில், சூப்பர்வைசர் வாயைத் திறக்கும் முன்பே, வயிற்றில் ஏதோ நழுவும். பச்சை எரிந்தால் மூச்சு வரும். தினமும் இப்படி. அவர்கள் மூளைக்குச் சிவப்பையும் பச்சையையும் சொல்லிக்கொடுத்தது கம்பெனி வாசல். பரசுராமன் அறுவடைக்கு மட்டும் வந்தார்.

அதையும் அவர் ஒளிக்கவில்லை. "கம்பெனில உங்களை டெய்லி எதுக்கு இந்தப் பெட்டில விரல் வைக்கச் சொல்றான்? கரெண்டுன்னு சொல்வான். நம்பிடுவீங்களா? வெளிநாட்டுக்காரன் உங்க மூளையைப் பார்க்குறான். ஆபத்து நரம்பு எரியுறவளை உள்ள வுடமாட்டான். அதை அவன் உங்களுக்குச் சொல்லமாட்டான். நான் சொல்றேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவப்பு எரிந்த நாளில் காய்ச்சல் வந்தவள் இருந்தாள். சிவப்பு எரிந்த வாரத்தில் தாத்தா செத்துப்போனவள் இருந்தாள். சிவப்பு எரிந்து ஒன்றுமே ஆகாத நாட்களும் ஏராளம். அவற்றை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஒன்றும் ஆகாததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இசக்கிசெல்விக்கு இந்த விவகாரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அறைத்தோழி பூமாரி மாத்திரையை விடும்வரை.

இருவரும் நாங்குநேரிப் பக்கம். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே ஹாஸ்டல் அறையில் பாய் விரித்தவர்கள். இசக்கிசெல்வி அதிகம் பேசமாட்டாள். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் குளித்துவிட்டு வந்துவிடலாம். பூமாரிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். பூமாரிக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை போட்டால் வராது. போட்டுக்கொண்டிருந்தாள், வராமலிருந்தது. கம்பெனிக்கு அது தெரியாது. ஹாஸ்டலில் தெரிந்தது இசக்கிசெல்விக்கு மட்டும்.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னதை இசக்கிசெல்வி மறக்கவில்லை. மூளையிலுள்ள நரம்புச் செல்கள் சின்னச் சின்ன மின்சாரத் துடிப்பால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. முறை வைத்துப் பேசினால் சிரிக்கிறோம், பயப்படுகிறோம், ஆசைப்படுகிறோம். கூட்டமாக எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினால் வலிப்பு. மாத்திரை அந்தக் கூச்சலை அடக்குகிறது. "திடீர்னு மட்டும் நிறுத்திடாதம்மா. நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்" என்று டாக்டரம்மா பூமாரியிடம் சொல்லி, இசக்கிசெல்வியிடமும் சொன்னாள்.

மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளும். லைனில் கண் சொருகியதற்குப் பூமாரி இரண்டு முறை திட்டு வாங்கியிருந்தாள். டிரெய்னிங் முடியப்போகிறது. பெர்மனென்ட் ஆவாளா, மாட்டாளா என்ற பயம். அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு பென்னலூருக்குப் போனாள். இரண்டு வாரம். இரண்டு வாரமும் சிவப்பு.

ஒருநாள் ராத்திரி பூமாரிக்குத் தலை பின்னிவிடும்போதுதான் இசக்கிசெல்வி கவனித்தாள். பூமாரியின் கை ஒரு வெட்டு வெட்டியது, அதிலிருந்த சீப்பு தரையில் போய் விழுந்தது. பூமாரி சிரித்தபடி எடுத்துக்கொண்டாள். மறுபடி ஒரு வெட்டு.

இசக்கிசெல்வி பின்னுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, காலம்பற மாத்திரை போட்டியா?"

"போடல."

"எத்தன நாளா?"

"காலை மாத்திரை மட்டுந்தான் விட்டுருக்கேன். ராத்திரி போடுதேன்லா. அவிய சொன்னாவ, அந்த மாத்திரை யோக நரம்பத் தூங்க வச்சுருதாம். அதான் எனக்குப் பச்சையே எரிய மாட்டுக்காம். வார ஞாயித்துக்கெழம மிச்ச மாத்திரையெல்லாம் கொண்டுவந்து ஹோமத்துல போடச் சொல்லிருக்காவ. அன்னைக்கோட எல்லாம் சரியாயிருமாம்."

"ஹோமத்துலயா?"

"அத்தன பேரு முன்னால. எனக்கு மேடையில வச்சுப் பச்சை எரிய வைக்காவளாம்."

"டாக்டரம்மா சொன்னது நெனப்பிருக்கா?"

"டாக்டரம்மா மூளையப் பாத்தாளா? சும்மா சீட்டுல எழுதுனா. இங்க வெளக்குலல்லா தெரியுது."

இசக்கிசெல்விக்குப் பதில் இருந்தது. வாய்க்கு வருவதற்குள் பூமாரி தூங்கிப்போனாள்.

ஹாஸ்டலில் சமைக்கும் கங்காவிடம் போனாள். கங்கா உள்ளூர்க்காரி. வெங்காயம் அரிந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"பரசுவா? அட போம்மே. காயலான் கடை வச்சிகினு இருந்தான். கம்பெனிலேர்ந்து தள்ளுற பழைய சாமானத்த எடைக்கு எடுத்து விப்பான். அந்தப் பொட்டியும் அப்டி வந்ததாதான் இருக்கும். இன்னாமே பொண்ணு, மூஞ்சி ஒரு மாரி கீது? உனுக்கும் எதாவது நரம்பு அலறுதா?"

"எனக்கில்ல அக்கா, பூமாரிக்கு."

"எனுக்கு மூளை கீதா இல்லியான்னு என் வூட்டுக்காரு டெய்லி கேக்குறாரு. அவரையும் இட்டாந்து ஒரு வாட்டி காட்டணும். வெளக்கு எரியலன்னா பிரச்ன தீந்துது."

கங்கா சிரித்தாள். இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. காயலான் கடைச் சாமான் என்று சொன்னால் பூமாரி நம்புவாளா? "சாமி எங்கயிருந்தா என்ன" என்பாள். கல்லை வைத்தே கும்பிடுகிற ஊர்.

மறுநாள் ஷிப்டுக்குப் போகும்போது அது நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் நடப்பதுதான்.

அன்று கையிலும் பவுடர் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள் இசக்கிசெல்வி. விரல் வைத்தாள். சிவப்பு. கீ. லைன் சூப்பர்வைசர் வனமாமலையும் அவள் ஊர்ப்பக்கம்தான், திருநெல்வேலிக்காரர். ஞாயிறு தவறாமல் பென்னலூரில் முதல் வரிசையில் உட்காருகிறவர். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கைய நனைச்சிட்டு வா தாயி. வறண்டுகிடந்தா பச்சை எப்படி எரியும்? லைன் ஓடணும்."

குழாயடியில் போய் மணிக்கட்டை நனைத்தாள். திரும்பி வந்து விரல் வைத்தாள். பச்சை.

அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் வரிசை. "ஏய், போம்மா உள்ள" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். அவள் நகரவில்லை. ஸ்ட்ராப்பைக் கழற்றி, மணிக்கட்டைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்து, மறுபடி கட்டி விரல் வைத்தாள். சிவப்பு. வாயால் ஈரப்படுத்தினாள். பச்சை.

இதை அந்த வாசலில் எல்லோரும் செய்வார்கள். அவளும் வந்த நாளிலிருந்து செய்கிறாள். குளிர்காலத்தில் குழாயடியில் இதற்கென்றே ஒரு வரிசை நிற்கும். ஒருத்திக்குக்கூட, ஒரு ஞாயிறுகூட, பென்னலூரில் அது ஞாபகம் வரவில்லை. வனமாமலைக்கும் வரவில்லை. தனக்கும் வரவில்லை என்பதுதான் இசக்கிசெல்விக்கு ஆறவில்லை. விபூதி உலர்த்துகிறது. தீர்த்தம் நனைக்கிறது. அவ்வளவுதான். மூளை அந்த வயரின் பக்கத்தில்கூட இல்லை.

ஹாஸ்டலில் பூமாரியிடம் சொன்னாள். பூமாரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கம்பெனி மிஷின் கம்பெனி மிஷின். சாமி மிஷின் சாமி மிஷின். நீ சும்மா கெட."

"ரெண்டும் ஒண்ணுன்னு அவியதான சொன்னாவ."

"எனக்கு நல்லது நடக்கது உனக்குப் பொறுக்கல, அதான."

பூமாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் பை தலைமாட்டில் இருந்தது. அதற்குள் மாத்திரை அட்டைகள், ஹோமத்துக்குத் தயாராக.

ஞாயிறு. நல்ல வெயில். கொட்டகை நிரம்பி வழிந்தது. வாசலில் தர்பூசணிக் கீற்று விற்றது. கங்கா ஒரு கீற்றைக் கடித்தபடி உள்ளே வந்து, இசக்கிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சும்மா வேடிக்க பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

மேடையில் குண்டம் எரிந்தது. அதன் எதிரே தாம்பாளத்தில் பூமாரியின் மாத்திரை அட்டைகள். பூமாரி தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த கை ஒருமுறை வெட்டியது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க" என்றார் பரசுராமன். "இங்கிலீஷ் மாத்திரை இந்தக் கொழந்தையோட மூளையை மரத்துப்போக வச்சிருக்கு. இதை அக்னில போட்டதும் பச்சை எரியும். மூளைன்னு ஒண்ணு இருக்கிற யாருக்கும் என் பெட்டி உண்மையைத்தான் பேசும்."

இசக்கிசெல்வி எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, எனக்கு முதல்ல பாருங்க."

"டோக்கன் வாங்கினியாம்மா?"

"அதெல்லாம் பொறவு வாங்கிக்கிடுதேன்."

கேட்காமலே ஏறிப்போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தின் எதிரில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தள்ளவும் முடியாது. லீலா விபூதிக் கிண்ணத்தோடு வந்தாள். இசக்கிசெல்வி இடது கையை நீட்டினாள். தேய்த்தார்கள், கட்டினார்கள். சிவப்பு. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"ஆபத்து" என்றார் பரசுராமன்.

"சரிண்ணாச்சி." வாரைக் கழற்றினாள். லீலா தடுப்பதற்குள் செப்புச் சொம்பில் வலது கையை முக்கி எடுத்து, தானே வாரைக் கட்டி, விரலை வைத்தாள். பச்சை.

கொட்டகை எக்கிப் பார்த்தது.

"எனக்கு மூளை ஒண்ணுதான். இடது கையில கேட்டா ஆபத்துங்குது, வலது கையில கேட்டா யோகங்குது. எத நம்ப?"

பரசுராமன் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கணம்தான். உடனே சிரித்தார்.

"நல்லா கேட்டா பொண்ணு. மூளை ஒண்ணு இல்ல, ரெண்டு பாதி. எடது கைக்கு வலது பாதி, வலது கைக்கு எடது பாதி. இதுவும் சயின்ஸு. உன் வலது மூளைல ஆபத்து. எடது மூளைல யோகம். பாதிப் பாதி."

கூட்டம் ஆ என்றது. முதல் வரிசையில் வனமாமலை தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர் தன் இடது கையையும் வலது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார். பாதி உண்மை எவ்வளவு வசதியான சாமான் பாருங்கள். எந்த ஓட்டையிலும் சொருகலாம்.

இசக்கிசெல்வி பேசவில்லை. அவ்வளவுதான், அடங்கிவிட்டாள் என்று பரசுராமன் நினைத்தார். அவள் பார்வை கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தது.

"கங்காக்கா, அந்தக் கீத்த இங்கன தாங்க."

"கடிச்சிட்டேனேம்மே."

"இருக்கட்டும்."

கை கை மாறித் தர்பூசணிக் கீற்று மேடைக்கு வந்தது. அதன் சிவந்த சதையில் வாரைச் சுற்றினாள். கீற்றின் நுனியைப் பித்தளைத் தகட்டின்மேல் சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினாள்.

பச்சை எரிந்தது. அவ்வளவு தெளிவான பச்சை அந்தக் கொட்டகையில் அதுவரை எரிந்ததில்லை.

"இதுக்கு எத்தன பாதி மூளை அண்ணாச்சி?"

முதலில் சிரித்தது பின்வரிசையில் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர். பிறகு கங்கா. "எனுக்கு யோகம் இல்ல, நான் கடிச்சதுக்குக் கீது" என்றாள். அதற்குப் பிறகு கொட்டகையே சிரித்தது.

"இன்னாமே டபாய்க்கிற?" பரசுராமனின் மேடைத் தமிழ் கழன்று விழுந்தது. "அத்த எடு கீழ. தீட்டாயிடும் பொட்டி."

"உங்க கையில கட்டிக் காட்டுங்க. எடுத்துருதேன்."

"ஆமா, கட்டு, கட்டு" என்றது கூட்டம். நேற்றுவரை கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கூட்டம்தான். அதற்கு வேடிக்கை முக்கியம்.

வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். லீலாவுக்கும் பதற்றம். தீர்த்தச் சொம்பை எடுக்க வேண்டியவள், பழக்க தோஷத்தில் விபூதியை எடுத்துப் புருஷன் கையில் பரபரவென்று தேய்த்துவிட்டாள். சிவப்பு. கீ.

"உன்னை யாருடி விபூதி போடச் சொன்னது?" என்று அவர் பல்லுக்குள் கேட்டது முதல் மூன்று வரிசைக்கும் கேட்டது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பரசுராமனின் மூளைக்குள் நிஜமான ஆபத்துச் செல்கள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். நெற்றி வேர்த்தது. கழுத்து வேர்த்தது. முழங்கையிலிருந்து வேர்வை இறங்கி, விபூதியைக் கரைத்துக்கொண்டு வாருக்கடியில் புகுந்தது. விளக்கு சிமிட்டியது. ஆயுளிலேயே அதிகமாகப் பயந்திருந்த அந்த நிமிஷத்தில் அவர் கையில் பச்சை எரிந்தது.

பெட்டியின் லட்சணம் அவ்வளவுதான். பயந்தவனுக்கு யோகம் என்கிறது. பயப்படாதவனுக்கு ஆபத்து என்கிறது. அதுவே பயத்தை உண்டாக்குகிறது, பிறகு அந்தப் பயத்தை நீக்கியதாகக் கூலி கேட்கிறது.

"கரெண்டு சரியில்ல. அடுத்த வாரம்" என்று பரசுராமன் எழுந்தார். வார் கையிலேயே இருந்ததால் பெட்டியும் கூடவே வந்து விழுந்தது. மரப்பலகை கழன்றது. உள்ளே, கம்பெனி வாசலில் இருக்கிற அதே சாம்பல் நிறப் பெட்டி. எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது.

அவரும் லீலாவும் பின்வாசல் வழியாகப் போய் மொபெட்டில் ஏறியதைச் சிலர் பார்த்தார்கள். துரத்தவில்லை. வெயில்.

திருந்திவிட்டார்களா? முதல் வரிசை வனமாமலை எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "மிஷினு பொய்யா இருக்கலாம். ஆனா அவரு கைராசி மெய்யி. எனக்கு இன்க்ரிமென்ட் போட்டாம்லா" என்றார். ஒரு பெண் மேடைக்கு வந்து, பச்சை எரிந்த தர்பூசணியில் ஒரு துண்டு பிரசாதமாகக் கிடைக்குமா என்று கேட்டாள். இசக்கிசெல்வி அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவளே வெட்கப்பட்டுப் போய்விட்டாள்.

பூமாரி மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. குண்டத்தில் நெருப்பு இன்னும் இருந்தது. எதிரே மாத்திரைகள். இசக்கிசெல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அட்டைகளைத் தொடவில்லை. தான் எடுத்துக்கொடுத்தால், விளக்கு சொன்னதைக் கேட்டவள் இனித் தோழி சொன்னதைக் கேட்டவள் ஆவாள். அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பூமாரி கீழே கிடந்த பெட்டியை இழுத்தாள். மணிக்கட்டில் விபூதியைத் தேய்த்து வாரைக் கட்டினாள். சிவப்பு. அவள் தோள்கள் அப்போதும் ஒருமுறை ஒடுங்கின. தெரிந்த பிறகும் பயம் வந்தது. அந்தச் செல்களுக்கு விஷயம் மெதுவாகத்தான் போய்ச்சேரும். பிறகு மணிக்கட்டை நாக்கால் நனைத்தாள். பச்சை. துடைத்தாள். சிவப்பு. நனைத்தாள். பச்சை. மறுபடி மறுபடி செய்தாள், சிவப்புக்குத் தோள் ஒடுங்காமல் போகும் வரைக்கும்.

"ஏளா" என்றாள். "நான் ரெண்டு வாரமா எதுக்குப் பயந்தேன்? கை உலந்துபோனதுக்கா?"

இசக்கிசெல்வி தலையாட்டினாள்.

"அந்தக் கை வெட்டுது பாத்தியா, அதுக்கு நான் பயப்படவே இல்ல."

தாம்பாளத்திலிருந்து அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். குடிக்கத் தண்ணீர் தேடினாள். பக்கத்தில் செப்புச் சொம்புதான் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, கங்காவின் பாட்டிலைக் கேட்டு வாங்கி விழுங்கினாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், விட்டுப்போன நாட்களை டாக்டரம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். அது நியாயமான பயம்.

பயப்படுவதற்கு மூளையில் ஓர் இடம் இருக்கிறது. ஆசைப்படுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. யோசிப்பதற்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நெற்றிக்கு நேர் பின்னால். நாம் இத்தனை காலமாக அந்த நெற்றியின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பயன்படுத்தி வருகிறோம், பூசிக்கொள்வதற்கு.